எழுபத்திரண்டாம் துண்டு

எடைமேடை அன்றைக்கும் இருநூற்று முப்பத்தைந்துதான் காட்டியது.

செபாஸ்தியம்மாள் ஸ்கூட்டரை மேடையின் நடுவில் நிறுத்தி, இரண்டு காலையும் இரும்புத் தகட்டில் ஊன்றிக்கொண்டாள். பின்னால் ஜெரோம் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வலி வந்ததிலிருந்து வண்டி ஓட்டுவது அவள்தான். திண்டுக்கல் மேட்டுப்பட்டி வீட்டிலிருந்து கிளம்பி, தாடிக்கொம்பு சாலையில் இருக்கும் இந்த லாரி எடைமேடையில் அவரை இறக்கிவிட்டு, அப்படியே தாடிக்கொம்பில் தான் வேலை பார்க்கும் கிளை நூலகத்துக்குப் போவாள். இறக்கிவிடும் முன்னால் வண்டியோடு மேடையில் ஏறி நிற்பது தினப்படி வழக்கம். தெரிந்த எடையை ஏற்றிப் பார்க்காமல் அவர் முதல் லாரியை ஏற்றுவதில்லை.

"இருநூத்து முப்பத்தஞ்சுண்ணே," என்று அறைக்குள்ளிருந்து பொன்னழகு தலையை நீட்டினான். ராத்திரி வேலை முடித்துக் கிளம்ப நிற்பவன். "நேத்து சாப்பிட்ட சீரகச்சம்பா ஒண்ணும் உடம்புல ஒட்டலை போல."

"எனக்கு ஒட்டலை. உங்க அக்காவுக்கு ஒட்டியிருக்கும். நான் இளைச்சு அவ ஏறியிருந்தா மேடைக்கு எப்படிப்பா தெரியும்?"

செபாஸ்தியம்மாள் கண்ணாடி வழியாக அவரை ஒரு முறை முறைத்தாள். அவர் சிரித்துக்கொண்டே காலைத் தூக்கி இறங்கினார். சாயந்தரம் வரும்போது சந்தைப் பக்கம் கத்திரிக்காய் பிஞ்சாக இருந்தால் அரைக் கிலோ வாங்கிக்கொள்ளச் சொன்னார். அவள் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள். முப்பத்தோரு வருஷத்தில் அவர் அவளிடம் கடைசியாகப் பேசியது கத்திரிக்காயைப் பற்றி.

பதினொன்றரை மணிக்கு நூலகத்துக்குப் போன் வந்தது. எரியோட்டிலிருந்து தக்காளி ஏற்றி வந்த வண்டிக்காரர் சீட்டு வாங்க ஜன்னலில் கையை நீட்டியிருக்கிறார். ஜெரோம் நாற்காலியில் தலை சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். தூங்குகிறார் என்றே அவர் நினைத்தாராம். நெஞ்சுவலி என்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது முன்னறையைக் காலி செய்தார்கள். குளிர்ப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். முன்னறையில் தாங்கக்கூடிய பிளக் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் ஜெரோமின் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய தம்பி அந்தோணிராஜ் அதைப் பிடுங்கிவிட்டுக் குளிர்ப்பெட்டியின் வயரைச் செருகினார். அழுகைச் சத்தத்துக்கு நடுவிலும் செபாஸ்தியம்மாளுக்கு ஒரு சின்னச் சத்தம் நின்றுபோனது கேட்டது. நாலு வருஷமாக அந்த வீட்டில் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் விசிறியின் இரைச்சல் அது. அப்போது அதை நினைத்துப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்துகொண்டிருந்தது என்று உறவுக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்குப் புரியாது. செபாஸ்தியம்மாளுக்கு மட்டும் ஒரு மழைநாளில் பழைய எடைச்சீட்டின் பின்பக்கத்தில் அவர் எழுதிக் காட்டியிருந்தார்.

ஐந்தை எடுத்துக்கொள், என்றார். அதற்கு முன்னால் இருக்கிற எண்களை எல்லாம் பெருக்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இருபத்துநாலு. ஒன்றைக் கூட்டு, இருபத்தைந்து. ஐந்தால் வகுபடும். ஏழுக்கும் அப்படித்தான், ஒன்றிலிருந்து ஆறு வரை பெருக்கினால் எழுநூற்று இருபது, ஒன்று கூட்டினால் எழுநூற்று இருபத்தொன்று, அது ஏழால் வகுபடும். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் வகுபடாத எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் இது தப்பாது. அதில் அதிசயமில்லை, நிரூபித்துவிட்டார்கள். ஆனால் வகுத்து வந்த ஈவை அதே எண்ணால் இன்னொரு தரம் வகுத்துப் பார். ஏழுக்கு நூற்று மூன்று வருகிறது. மறுபடி ஏழால் வகுத்தால் ஐந்து மீதி நிற்கிறது. ஐந்துக்கோ மீதி நிற்காது. இருபத்தைந்து இரண்டு தரமும் வகுபடும். இப்படி இரண்டு தரம் வகுபடுகிற பகா எண்கள் உலகத்துக்கே தெரிந்து மூன்றுதான். ஐந்து, பதின்மூன்று, ஐந்நூற்று அறுபத்துமூன்று.

"நாலாவது?" என்று அவள் கேட்டாள்.

"இருக்கணும்னு பெரியவங்க நினைக்கிறாங்க. இருபது லட்சம் கோடி வரைக்கும் தேடியாச்சு. இல்லை. அதுக்கு அப்பால தேடுறோம்."

அந்த 'தேடுறோம்' அவளுக்குச் சிரிப்பாக வந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் நாற்பது ஐம்பது பேர், ஆளுக்கு ஒரு பங்காக எண்களைப் பிரித்துக்கொண்டு, அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் தேடுகிறார்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. ஒருங்கிணைக்கிறவர் எஸ்டோனியா நாட்டில் இருக்கிறார். பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. எடுத்த பங்கு மஞ்சளாக இருக்கும், முடிந்தது பச்சையாகும். முடித்தவர் மூன்று விஷயம் எழுதி அனுப்ப வேண்டும்: எங்கிருந்து, எதுவரை, கிடைத்தது எத்தனை. கிடைத்தது எத்தனை என்ற இடத்தில் இதுவரை எல்லோரும் பூஜ்யம்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஜெரோம் கடைசியாக எடுத்தது பத்துக் கோடி எண்கள் உள்ள பங்கு. அதில் முப்பத்திரண்டு லட்சத்துச் சொச்சம் பகா எண்கள். மாதாந்திர மின்தடையும் சொல்லாமல் வரும் மின்தடையும் உள்ள ஊர் ஆகையால் அதை நூற்றுப் பதின்மூன்று சிறு துண்டாக வெட்டி, நாளுக்கு ஒரு துண்டு என்று ஓட்டினார். காலையில் குளித்துவிட்டு வந்து உட்காருவார். முதலில் 563 என்று அடிப்பார். திரையில் 0 வரும். மீதி பூஜ்யம், மிஷின் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். அதன்பிறகு அன்றைய துண்டை ஏவிவிட்டு, அது போய்ச் சேரவேண்டிய எண்ணைக் கறுப்பு டைரியில் எழுதிவைப்பார். பதினான்கு இலக்க எண். ஒரு வரி, ஒரு நாள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போனபின் எஸ்டோனியாக்காரரின் மின்னஞ்சலைச் செபாஸ்தியம்மாள் பார்த்தாள். உங்களிடமிருந்து ஒரு மாதமாகச் செய்தி இல்லை, நலமா, பங்கை வேறொருவருக்கு மாற்றட்டுமா என்று கேட்டிருந்தார். அவள் ஒரு வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில், மாற்ற வேண்டாம், நான் முடிக்கிறேன் என்று எழுதினாள். எழுதி அனுப்பிய பிறகுதான் தனக்கு அது முடியுமா என்று யோசித்தாள்.

முடிந்தது. நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடித்தவளுக்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டுமென்று தெரியாதா? டைரியைப் பிரித்தாள். கடைசி வரி எழுபத்திரண்டாம் துண்டு, அவர் போன அன்றைக்குக் காலையில் எழுதியது. மேலே எல்லா வரியும் நீல மையில் இருக்க, அது மட்டும் பென்சிலில் இருந்தது. பேனா தீர்ந்திருக்கும் என்று நினைத்தாள். அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்திருப்பார். பென்சில் எழுத்து நாளானால் அழிந்துபோகும். அவர் கையால் எழுதிய கடைசி எண் அழியக் கூடாதென்று, தன் பேனாவை எடுத்து அவருடைய வளைவு நெளிவு மாறாமல் ஒவ்வொரு இலக்கத்தின் மேலும் நிதானமாக மையேற்றினாள். பிறகு 563 அடித்துப் பூஜ்யத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தப் பதினான்கு இலக்க எண்ணுக்கு அடுத்ததிலிருந்து எழுபத்துமூன்றாம் துண்டைத் தொடங்கினாள்.

நாற்பத்தொரு துண்டுகள். மின்தடை நாட்களைச் சேர்த்து நாற்பத்தாறு நாள் ஆயிற்று. காலையில் எழுந்ததும் செய்ய ஒரு வேலை இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போனபின்னும் வீட்டில் ஒரு விசிறி இரைந்துகொண்டிருந்தது. நூற்றுப் பதின்மூன்றும் முடிந்த அன்று ஜெரோமின் பெயரிலேயே எழுதி அனுப்பினாள்: இங்கிருந்து, இதுவரை, கிடைத்தது பூஜ்யம். மறுநாள் பட்டியலில் அவருடைய வரி பச்சையாகியிருந்தது. பெயருக்குப் பக்கத்தில் எஸ்டோனியாக்காரர் சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டிருந்தார். அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை எடைமேடைக்குப் போனாள். அவருடைய மூக்குக்கண்ணாடியும் தோள்துண்டும் குடையும் அங்கேயே கிடப்பதாகப் பொன்னழகு சொல்லியிருந்தான். பழக்கத்தில் ஸ்கூட்டரை மேடைமேல் ஏற்றிவிட்டாள். ஏற்றியபின் இறக்க மனமில்லாமல் நின்றாள். பொன்னழகு ஜன்னலில் எட்டிப் பார்த்தான். அவன் எடையைச் சொல்லவில்லை. அவளே பார்த்துக்கொண்டாள். நூற்று அறுபத்தைந்து.

உள்ளே அவளை உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, அந்தச் சாமான்களைப் போட்டுவைத்த பையை எடுக்கப் போனான். மேசையில் ஒரு நோட்டு விரிந்து கிடந்தது. சீட்டெல்லாம் கம்ப்யூட்டரே அடித்துக் கொடுத்தாலும், மின்சாரம் போனால் கைக்கு இருக்கட்டுமென்று ஜெரோம் ஏற்பாடு செய்த நோட்டு. அதில் வண்டி எண், வந்த எடை, திரும்பிய எடை. சில வரிகள் மையில், சில வரிகள் பென்சிலில்.

"இது ஏன்ப்பா பாதி பென்சில்ல இருக்கு?" என்றாள், சும்மா ஏதாவது பேச வேண்டுமே என்று.

"அது அண்ணன் போட்ட சட்டம்க்கா. சரக்கோட வர்ற வண்டிய எடை போட்டுப் பென்சில்ல எழுதணும். சரக்க எறக்கிட்டு வெறும் வண்டியா திரும்பி வந்து நின்னாத்தான் கணக்கு சரி. அப்பத்தான் பேனா." அவன் பையின் கைப்பிடியை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னான். "நான் ஒருக்கா, போன வண்டி வராமலா போகும்னு முன்கூட்டியே பேனால எழுதிட்டேன். அம்புட்டுத்தான், ஒரு வாரம் என்கூடப் பேசலை. வண்டி திரும்பி வந்தாத்தான்டா பேனா, அதுவரைக்கும் அது நெனப்புதான்னாரு."

டீ வந்தது. அவள் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து டைரியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். எல்லா வரியிலும் நீல மைக்கு அடியில் மெல்லிய பென்சில் கோடு மினுங்கியது. காலையில் பென்சில். மறுநாள் காலையில், துண்டு முடிந்ததைப் பார்த்தபின் அதன்மேல் பேனா. எழுபத்தொன்று வரைக்கும் அவர் கை. எழுபத்திரண்டில் அவள் கை. அந்தத் துண்டு முடியவே இல்லை. அது ஓடத் தொடங்கிச் சில மணி நேரத்தில் குளிர்ப்பெட்டிக்காகப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். எட்டு லட்சத்து எண்பத்தையாயிரம் எண்கள், அதில் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் பகா எண்கள், யாரும் பார்க்காதவை. அவற்றையும் சேர்த்து 'இல்லை' என்று சொல்லியாகிவிட்டது. அதுவும் அவர் பெயரில். பச்சையான பங்கை இனி யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். மூன்றாம் நாள் அந்தோணிராஜ் வந்தபோது சொன்னாள். கொழுந்தனார் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இத்தனை கோடி எண்ணில் இல்லாதது அந்த ஒரு நாள் துண்டுக்குள் மட்டும் வந்து உட்கார்ந்திருக்குமா என்றார். இருக்காதுதான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

"அப்புறம் என்ன மதினி? பேசாம விடுங்க. அண்ணன் பேரு பச்சையில இருக்கு, சிலுவை போட்டிருக்காங்க. இப்பப் போயி தப்புன்னு எழுதினா அவரு பேருதான கெடும்?"

அவள் இரவெல்லாம் விழித்துக்கிடக்கிற ரகமில்லை. ஆனால் மறுநாள் நூலகத்தில் வேலை ஓடவில்லை. அங்கே வருஷத்துக்கு ஒரு முறை இருப்புச் சரிபார்ப்பு உண்டு. அவளுக்கு முன்னால் இருந்தவர் ஒரு வருஷம் மேல் தட்டுக்கு ஏணி வைக்கச் சோம்பி, அங்கிருந்த பத்துப் பதினைந்து புத்தகங்களைக் 'காணவில்லை' என்று எழுதிவிட்டார். மறு வருஷமும் அதையே பார்த்து எழுதினார். கிணற்றுப் பாசனம் பற்றிய புத்தகம் ஒன்றைக் கேட்டுச் செம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மூன்று தரம் வந்து, மூன்று தரமும் இல்லையென்று கேட்டுத் திரும்பிப் போனார். அவள் வந்து ஏணி போட்டு ஏறியபோது புத்தகம் அங்கேயே இருந்தது. அந்த விவசாயி அதற்குப்பின் வரவில்லை. தேடிப் பார்த்து இல்லை என்பதற்கும் தேடாமல் இல்லை என்பதற்கும் பேரேட்டில் ஒரே எழுத்துதான். எழுதினவருக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

இந்த முறை எழுதினவள் அவள்.

சாயந்தரம் வந்து ஏழு வரி எழுதினாள். எழுபத்திரண்டாம் துண்டு ஓடவில்லை. தவறு என்னுடையது, என் கணவருடையது அல்ல. பென்சிலில் இருந்ததை முடிந்ததென்று எண்ணிவிட்டேன். தயவுசெய்து எங்கள் வரியைப் பச்சையிலிருந்து எடுத்துவிடுங்கள். மறுபடி ஓட்டிவிட்டு எழுதுகிறேன். சிலுவைக் குறியை எடுக்கச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, அதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டாள். அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். அவர் பெயருக்குக் கெடுதல் செய்கிறோமோ என்ற பயம் கடைசிவரை போகவில்லை.

மறுநாள் பதில் வந்தது. வரியை மறுபடி மஞ்சளாக்கியிருப்பதாகவும், அவசரமில்லை என்றும் எஸ்டோனியாக்காரர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு பத்தி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உங்கள் கணவரும் முடித்த பங்கு ஒன்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஒரு நாள் காலையில் ஐந்நூற்று அறுபத்துமூன்றுக்கு மீதி தப்பாக வந்ததாம். கம்ப்யூட்டரின் மெமரி பழுதாகியிருந்தது, எப்போதிலிருந்து என்று தெரியாததால் முழுவதையும் மறுபடி ஓட்டுகிறேன் என்று எழுதினார். அந்தக் கடிதமும் ஏழு வரிதான்.

செபாஸ்தியம்மாளுக்கு அந்தக் கோடை ஞாபகம் வந்தது. பத்துப் பதினைந்து நாள் அவர் சாப்பாட்டில் பிடிப்பில்லாமல் இருந்தார். என்னவென்று கேட்டதற்கு, மிஷின் பொய் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு செபா, நானும் அதை நம்பி ஊருக்கெல்லாம் சொல்லிட்டேன் என்றார். அப்புறம் மூன்று மாதம் பழைய துண்டுகளையே மறுபடி ஓட்டினார். தினமும் 563 அடிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அன்றைக்கு அவள், இதுக்குப் போயி இம்புட்டு விசனமா என்று கேலி செய்தாள்.

அடுத்த நாள் காலை குளித்துவிட்டு வந்து எழுபத்திரண்டாம் துண்டை ஓடவிட்டாள். மத்தியானம் மின்சாரம் போனது. பாதியில் நின்றால் அந்தத் துண்டை முதலிலிருந்துதான் ஓட்ட வேண்டும். மறுநாள் காலை மறுபடி தொடங்கினாள். அந்தோணிராஜ் சாயந்தரம் வழியில் எட்டிப் பார்த்தார். விசிறி இரைவதைக் கேட்டுக்கொண்டு செத்த நேரம் நின்றார். பிறகு குனிந்து, பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா என்று ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

விடிந்து காப்பித் தம்ளரோடு போய்ப் பார்த்தபோது துண்டு முடிந்திருந்தது. சோதித்த பகா எண்கள் இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம். கிடைத்தது பூஜ்யம். அவள் ஒரு கணம், ஒரே ஒரு கணம், வேறு ஏதாவது எண் அங்கே இருந்துவிடக் கூடாதா என்று ஆசைப்பட்டது உண்மை.

எஸ்டோனியாவுக்கு எழுதினாள். டைரியை விரித்து, எழுபத்திரண்டாம் வரியைப் பார்த்தாள். பேனாவைத் திறந்தாள். எழுத வேண்டியது ஒன்றுமில்லை. பென்சிலும் மையும் அதே எண்ணில்தான் இருந்தன. பேனாவை மூடி வைத்தாள்.

பங்கு முடிந்துவிட்டது, புதிதாக எதையும் எடுக்கவில்லை, கம்ப்யூட்டரை அணைத்துவிடலாம். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அணைக்கும் முன்னால் விசைப்பலகையை இழுத்து 563 என்று அடித்தாள்.

0 என்று வந்தது.